பெயரில்லாச் செடிக்குக் காவல்

மலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிற நாலு பேர் அடுத்த தை மாதம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வருவார்கள். வந்தால் அவர்களிடமும் நான்தான் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியாக வேண்டும். பாபநாசத்துக்கு மேற்கே, தாமிரபரணிக்குத் தண்ணீர் அனுப்புகிற மலைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போதும்.

கல்லூரி ஒன்றின் தாவரவியல் கூடத்தில் உதவியாளனாக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். செடிகளை அமுக்கி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி அடுக்குவது என் வேலை. ஓய்வு பெற்றதும் வீட்டில் கிடந்திருக்கலாம். தை, மாசி இரண்டு மாதமும் மலையேறுகிறவர்களுக்குச் செடிகொடிகளைப் பற்றி எடுத்துச் சொல்ல ஓர் ஆள் தேவை என்று காட்டிலாகாவில் கேட்டார்கள். நானாகத்தான் போய் நின்றேன், யாரும் என்னைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. முட்டி வலிக்கிறபோதெல்லாம் இதை எனக்கு நானே ஞாபகப்படுத்திக்கொள்வேன்.

வாரத்தில் இரண்டு நாள்தான் ஏற விடுவார்கள். விடிந்ததும் கீழ்முகாமில், கஞ்சி குடித்துவிட்டு நிற்கிற கூட்டத்திடம் கால் மணி நேரம் பேச வேண்டும். பிறகு அவர்களோடு ஏறி, உச்சியில் அவர்கள் இருக்கிறவரைக்கும் இருந்து, கடைசி ஆளோடு இறங்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் உச்சியிலிருக்கும் சித்தர் சிலையைக் கும்பிட வருகிறவர்கள். மீதிப் பேர், ஏறினேன் என்று படம் பிடித்துப் போட வருகிறவர்கள். யார் வந்தாலும் செருப்போ வெறுங்காலோ, கால் கால்தான். எனக்கு அவர்கள் முகத்தைவிடக் கால்கள்தான் ஞாபகம் இருக்கும்.

உச்சியில் மரம் கிடையாது. காற்று ஒரு நிமிஷம் ஓயாது. எல்லாம் பாறை, பாறையின் பள்ளங்களில் விரற்கடை ஆழத்துக்கு மண். சிலைக்கு வடக்கே, ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் பாசி பிடித்திருக்கிறது. அந்தப் பாசிமேல் ஒரு செடி வளர்கிறது. சுண்டுவிரல் உயரம்தான். தரையோடு ஒட்டிய மூன்று நாலு இலை, தையில் ஒரு வெள்ளைப் பூ, பூவின் தொண்டையில் ஊதாக் கீற்று. லத்தீனில் அதற்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் பெயரே கிடையாது. எங்கள் கல்லூரி அட்டைகளில் அதன் மாதிரி ஒன்றே ஒன்று இருந்தது. பழுப்பேறி, பூ உதிர்ந்து, இலை நொறுங்கிப் போனது. முப்பது வருஷம் அதைத் தூசு தட்டி வைத்தவன், உயிரோடு பார்த்தது அறுபது வயதில், இந்த வேலைக்கு வந்த பிறகுதான். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு மூச்சு வாங்குகிறது என்று கூட வந்தவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சும் வாங்கத்தான் செய்தது.

அந்தப் பாசியில் ஓர் ஆள் ஒரு தடவை நன்றாக மிதித்தால் போதும். பாசி பெயர்ந்துவிடும், அடுத்த மழையில் மண் ஓடிவிடும், அப்புறம் அங்கே வெறும் பாறைதான். என்னை அங்கே வைத்திருப்பது இதைச் சொல்வதற்குத்தான்.

முதல் வருஷம் முழுக்க இதைத்தான் சொன்னேன். "பாறையில மட்டும் கால வையிங்க. பச்சையா இருக்கிற எடத்துல மிதிக்காதீங்க." காலையில் கீழே சொன்னது போதாதென்று மேலேயும் சொல்லுவேன். கேட்டுத் தலையை ஆட்டுவார்கள். ஆட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, படத்துக்கு நிற்க இடம் தேடி, நேராக அங்கேயே போய் நிற்பார்கள். ஒருத்தர் துண்டை விரித்து அதன்மேல் படுத்தே விட்டார்.

"அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிங்க. செடி மேல படுத்திருக்கீங்க."

"புல்லுதான வே. மெத்துன்னுல்லா இருக்கு" என்றார் அவர். எழுந்திருக்கவும் செய்தார், அதைச் சொல்ல வேண்டும். எழுந்து, பக்கத்தில் இன்னும் மெத்தென்று இருந்த இடத்துக்குப் போனார்.

அந்த வருஷம் மாசி முடிந்தபோது எனக்குக் குரலே இல்லை. ஒரே வாக்கியத்தை இரண்டு மாதம் சொன்னால் அந்த வாக்கியத்தின்மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிடும். வீட்டில் யாராவது "பாத்து வா" என்று சொன்னால்கூட எரிச்சல் வந்தது.

இரண்டாவது வருஷம் பேச்சை மாற்றினேன். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த மூளைதான். மிதிக்காதே என்று சொல்லுவதை விட்டுவிட்டு, அந்தச் செடியைப் பற்றிச் சொன்னேன். "இந்த மலை உச்சிய விட்டா உலகத்துல வேற எங்கயும் இது கிடையாது. இமயமலையில கிடையாது, எந்த நாட்டுலயும் கிடையாது. இந்த ஒரு பாறையில, ஒரு பாய் அகலத்துல மட்டும் இருக்கு. கண்டவங்களும் இதுல கைய வைக்கக் கூடாது, பறிக்கக் கூடாது. இதுக்கு நாமதான் காவல்."

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. கஞ்சித் தம்ளர் சத்தம்கூட இல்லை. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருத்தர் போனைத் தூக்கி நான் பேசுவதைப் படம் பிடித்தார். அன்றைக்கு உச்சியில் பாசிமேல் ஒரு கால்கூடப் படவில்லை. எல்லாரும் தள்ளி நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் இந்த ஒரு பேச்சு தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

இறங்குகிற நேரத்தில் ஆழ்வார்திருநகரிப் பக்கத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவர் பைய என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அது எதுக்கு நல்லது?"

"எதுக்கும் நல்லதில்ல. சும்மா செடி."

"பேரு?"

"தமிழ்ல பேரு கிடையாதுங்க."

அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் திரும்பி, "பாத்தியாலே, சொல்ல மாட்டாரு. சொன்னா பலிக்காதுல்லா" என்றார். என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினார்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள்காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவர்கள் அது என்ன இலை என்று சொல்லவே மாட்டார்கள். அரைத்து உருண்டையாகத்தான் கையில் தருவார்கள். இலையின் பெயரைச் சொன்னால் மருந்து வேலை செய்யாது என்று நம்பிக்கை. எனக்கும் சின்ன வயதில் காமாலை வந்து ஒருத்தர் அப்படி உருண்டை கொடுத்தார். அது என்ன இலை என்று, தாவரவியல் கூடத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாது. மருந்து தெரிந்தவனுக்கு அடையாளமே, கேட்டால் தெரியாது என்று சொல்வதுதான். ஆக, நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அந்தச் செடிக்கு மவுசு கூடிக்கொண்டே போயிற்று. சித்தர் மலை, உலகத்தில் எங்கும் இல்லாத செடி, பெயர் சொல்லாத ஆள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்தால் எங்கள் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாமல் இருக்கலாம். நான் இந்த ஊர்க்காரன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் ஏறியபோது பாசியில் மூன்று குழிகள் இருந்தன. மிதித்த குழிகள் இல்லை. வேரோடு, பக்கத்துச் செடிக்கு வலிக்காமல், அழகாகத் தோண்டி எடுத்திருந்தார்கள். குழிக்குள் ஒரு சிட்டிகை திருநீறும் மஞ்சள் தடவிய நூல்துண்டும் கிடந்தன. மூலிகை பறிக்கிறவர்கள் முதலில் செடிக்குக் காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார்கள். அந்த நூல்தான் அது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஐந்து குழிகள்.

ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். சுரண்டையிலிருந்து வந்த ஒரு அம்மா. அன்றைக்கு ஏறினவர்களிலேயே ஒழுங்கானவர் அவர்தான். பாசியை மிதிக்காமல் பாறைமேல் மட்டுமே கால் வைத்து, மற்றவர்கள் போட்ட பிஸ்கட் தாளையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார். அதே பைக்குள், ஈரப் பாசியில் சுற்றி, ஒரு செடி இருந்தது.

"ஏம்மா பறிச்சீங்க?"

"நீங்க சொன்னதக் கேட்டுத்தான்யா."

"பறிக்கக் கூடாதுன்னுல்லா சொன்னேன்."

"கண்டவங்களும் கைய வைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. நான் காப்புக் கட்டி, மன்னிப்புக் கேட்டுத்தான் எடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்குக் கால்ல சர்க்கரைப் புண்ணு. ஒரு வருஷமா ஆற மாட்டேங்கு."

சட்டப்படி அவரைக் கீழே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. செடியை மட்டும் வாங்கித் திரும்ப நட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். நான் நட்டது பிழைக்கவில்லை. அவர் வீட்டுக்காரரின் புண் ஆறியதா என்றும் தெரியாது. குப்பை போடுகிறவன் ஒரு செடியைக்கூடத் தொடவில்லை. நான் சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டவர்கள்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் போனார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

இதற்குள் நான் பேசியதைப் படம் பிடித்த புண்ணியவான் அதைப் போனில் ஊர் முழுக்க அனுப்பிவிட்டிருந்தான். அது முக்கூடலில் என் அக்கா வீடுவரை போயிற்று.

அக்கா பத்து வயதிலிருந்து பீடி சுற்றியவள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அவள் கையால்தான். அந்தக் கைவிரல்கள் இப்போது மடங்கிக்கொண்டு வருகின்றன. முடக்குவாதம். சோற்றைப் பிசைய முடியாது, ஜாக்கெட் கொக்கி போட மருமகளைக் கூப்பிட வேண்டும். மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, நிறுத்தினால் விரல் எரிகிறது என்பாள். பெரிதாகப் புலம்ப மாட்டாள். நான் போகும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

அன்றைக்குப் போனதும், "ஒன்னய மருமவ போன்ல பாத்தேன்லே. நல்லாத்தான் பேசுத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் செடி எதுக்குலே நல்லது?" என்றாள்.

"எதுக்கும் இல்லக்கா."

"ஊர்க்காரங்ககிட்ட இப்படித்தான் சொல்லுதியாமே. என்ட்டயும் அதையே சொல்லாத."

"சத்தியமாக்கா. அதுல ஒண்ணும் கிடையாது."

"யாரும் கைக்குக் கட்டிப் பாத்திருக்காங்களா?"

"இல்ல."

"பொறவு எப்படி இல்லன்னு சொல்லுத?"

கேள்வி நியாயமானதுதான். யாரும் அந்தச் செடியைச் சோதித்துப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் நானும் நின்றேன்.

"ஒரு செடிதானலே. மலை முழுக்கவா கேட்டேன்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிலே, வேண்டாம்" என்று முடித்து, எனக்குக் காப்பி போடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டாள். என் அக்கா அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக்கூட ஒரு சேலை கேட்டதில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். பஸ் ஏறும்வரை அந்த "சரிலே" காதை விட்டுப் போகவில்லை.

அந்த வருஷத்துக் கடைசி ஏற்றம் முடிந்து, எல்லாரும் இறங்கத் தொடங்கிய பிறகு நான் மட்டும் உச்சியில் கொஞ்சம் பின்தங்கினேன். பாசிப்பக்கம் போய் எண்ணினேன். பதினொன்று மிச்சம் இருந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு செடியின் அடியில் விரலை வைத்தேன். ஒரு வேர்கூட அறுபடாமல் செடியை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், அதைத்தானே ஆயுசு பூராவும் செய்தேன். பதினொன்றில் ஒன்று போனால் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. சுரண்டை அம்மாவும் இப்படித்தான் நினைத்திருப்பார். கருப்பட்டிக்காரரும் அப்படித்தான்.

கையை எடுத்துவிட்டேன். நான் உத்தமன் என்பதால் இல்லை. கல்லூரி அலமாரியில் இருந்த அந்தப் பழுப்பு அட்டை ஞாபகத்துக்கு வந்தது. பதினொன்றும் அப்படி ஆகிப்போவதை நான் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான். எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. சிலையின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை பாபநாசத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஆற்றில் கால் நனைக்க இறங்கினேன். படித்துறை ஓரத்தில் பொடுதலை படர்ந்து கிடந்தது. எந்த ஆற்றங்கரையிலும் கிடக்கிற சாதாரணச் செடிதான். என்ன நினைத்தேனோ, ஒரு கைப்பிடி பறித்து ஈரத்துண்டில் சுற்றிக்கொண்டேன். முக்கூடலில் இறங்கி அக்காவிடம் நீட்டி, "மலையிலேர்ந்து கொண்டாந்தேன்" என்றேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். மருமகள் மஞ்சளோடு அரைத்துக் கொடுக்க, நான்தான் அக்காவின் விரல் ஒவ்வொன்றிலும் பத்துப் போட்டு, வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கையை என்னிடம் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் போய்க் கட்டை அவிழ்த்தேன். விரல்கள் மஞ்சளாக இருந்தன, மற்றபடி முன்பு இருந்த மாதிரியேதான். அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொடுதலைய எனக்குத் தெரியாதாலே. ஆத்துல துணி தொவைச்சு இது மேலதான காயப்போட்டேன், அத்தன வருஷம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பொறவு ஏன்க்கா அன்னைக்கே சொல்லல?"

"நீ கட்டிவிட்டியே. இந்தக் கைய யாரும் பிடிச்சு நாளாச்சு." கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "மலையில அத்தன பேருட்டயும் உள்ளதச் சொன்ன. ஒருத்தனும் நம்பல. என்ட்ட வந்து பொய் சொல்லுத" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அசந்துபோய்ச் சொன்னாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். குழிகளை, மஞ்சள் நூலை, சுரண்டை அம்மாவை, நான் முட்டிபோட்டு விரல் வைத்ததை. அடுத்த தையில் அந்தப் பதினொன்றும் இருக்காது என்றேன். நல்லது என்றாலும் பறிக்கிறார்கள், நல்லதில்லை என்றாலும் பறிக்கிறார்கள், நான் என்னதான் சொல்ல என்று கேட்டேன். அவ்வளவு நேரம் நான் பேசி அவள் பார்த்ததில்லை.

"எங்க அக்காவுக்குக் கட்டிப் பாத்தேன், நோவு கேக்கலன்னு சொல்லு" என்றாள்.

"அது பொய்யாச்சேக்கா."

"என்ட்ட சொன்ன பொய்தான. அதையே அவங்ககிட்டயும் போய்ச் சொல்லு. அங்கனயாவது பிரயோசனப்படட்டும்." முந்தானையை விலக்கி, மஞ்சள் அப்பிய கையை என் முன்னால் நீட்டினாள். "சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. போட்டோ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் கீழ்முகாமில் உலகத்தில் எங்கும் இல்லாத செடி என்ற பேச்சையே எடுப்பதில்லை. பாறையில் கால் வையுங்கள் என்பதோடு சரி. ஆனாலும் உச்சியில் யாராவது ஒருத்தர் அந்த வெள்ளைப் பூவைக் காட்டி, இது எதுக்கு நல்லது என்று கேட்காமல் இருப்பதில்லை. நான் போனை எடுத்து அக்காவின் கையைக் காட்டுவேன். "இது எங்க அக்கா கை. இந்தச் செடியத்தான் கட்டினேன். கேக்கல." வாங்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக் காட்டுவார்கள். ச்சு கொட்டுவார்கள். மருந்தை மறைக்கிறவன் கூடப்பிறந்தவளிடமுமா மறைப்பான் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது போலும். அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் குனிவதில்லை. கருப்பட்டி வியாபாரி இந்த வருஷமும் வந்தார். படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்த மஞ்சள் நூலை எடுத்து, "அக்காவுக்கு வேண்டிக்கிடுதேன்" என்று சித்தர் சிலையின் மணிக்கட்டில் கட்டிவிட்டு இறங்கினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினொன்று இப்போது பதினான்கு. பழைய குழி ஒன்றின் விளிம்பில் பாசி மெல்ல ஏறுகிறது. இதைச் சொல்லி மகிழ்ச்சிப்பட எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்தப் படத்தை எடுத்து எடுத்துக் காட்டி, அதே பொய்யைச் சொல்லிச் சொல்லி, சில நாள் இறங்கும்போது என் விரல்களும் நிமிர மறுக்கின்றன.

இறங்கி முகாமுக்கு வந்ததும் அக்காவிடமிருந்து போன் வரும். காதில் வைத்துப் பிடித்துக்கொள்வது மருமகள்தான். "இன்னைக்கு எத்தன பேருட்டலே என் கையக் காட்டின?" என்பாள். சொல்லுவேன். "செடி?" என்பாள். "இருக்குக்கா" என்பேன்.

போன வாரம் அதற்கப்புறமும் போனை வைக்கவில்லை. "ஏலே, கட்டைவிரலும் மடங்கிட்டு. வரும்போது புதுசா ஒரு போட்டோ எடுத்துக்கோ. இன்னும் நல்லா நம்புவாங்க" என்றாள்.

சரிக்கா என்றேன்.